உதயம்பேரூரில் எரிந்த ஏடுகள்

"சேர், ஈஸா நபி களிமண் குருவி செஞ்ச கதை பைபிள்ல இரிக்கா?" தமிழ்ப் பாடத்துக்கு நடுவே கல்முனைக்குடிப் பிள்ளையொருத்தி கேட்டாள். இல்லையென்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால், அது அரை விடை.

ஆல இம்ரான் 49ஆம் வசனத்திலும் அல்மாஇதா 110இலும் வரும் அந்த அற்புதம் இன்றைய நான்கு சுவிசேஷங்களில் இல்லைதான். ஆனால், ‘தோமாவின் குழந்தைப் பருவச் சுவிசேஷம்’ என்றொரு நூல் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் தோன்றியது. அதில் ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் பன்னிரண்டு குருவிகளைக் களிமண்ணில் செய்து, கைதட்டிப் பறக்கவிடுகிறார். கோபம் வந்தால் கூட இருக்கும் பிள்ளைகளைச் சபித்துச் சாகடிக்கவும் செய்கிறார்! குர்ஆனில் அந்தச் சாபமெல்லாம் கிடையாது. நடந்தது அல்லாஹ்வின் அனுமதியால் என்பதே அங்கு அழுத்தம்.

367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் எழுதிய கடிதத்தில் இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் பட்டியலாக உள்ளன. குழந்தைப் பருவ நூல்கள் அதில் இல்லை. ஆயினும் அப்படியான நூல்களை மக்கள் வாசித்தே வந்தார்கள், நமக்குப் பக்கத்துக் கேரளத்திலும்.

அங்குள்ள தோமா கிறிஸ்தவர்களின் வேதமொழி சுரியானி. அவர்களது புதிய ஏற்பாட்டில் 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் ஆகிய ஐந்தும் இருக்கவில்லை. 1599 ஜூனில் கோவா பேராயர் மெனேசிஸ் கொச்சிக்கருகே உதயம்பேரூரில் மாநாடு கூட்டி, அவற்றைச் சேர்க்க வைத்தார். வேறு பல ஏடுகளைத் திருத்தவோ எரிக்கவோ உத்தரவாயிற்று. தடைப்பட்டவற்றுள் இயேசுவின் குழந்தைப் பருவத்தையும் மர்யமின் வரலாற்றையும் கூறும் நூலொன்றும் அடக்கம். சிறுவர் இயேசு பள்ளிக்கூடம் போய் யூத குருமாரிடம் படித்தார் என்று எழுதியிருந்ததும் அதன் குற்றங்களில் ஒன்று. ஒரு வாத்தியாருக்கு இது கொஞ்சம் மனவருத்தம்தான்.

பறங்கியரின் நெருக்குதலால் 1626இல் செனரத் மன்னன் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றிய கதை நமக்குத் தெரியும். ஆகவே, "உண்மையை எரித்துவிட்டார்கள்" என்று சொல்ல நமக்கு நாக்குத் துடிக்கும். எரிக்கப்பட்டதால் ஒரு நூல் வஹீ ஆகிவிடாது. பிள்ளைகளைச் சபித்துக் கொல்லும் ஈஸா (அலை) அவர்களை நாம் ஏற்போமா? மறுபக்கம், குர்ஆன் இங்கிருந்துதான் எடுத்தது என்பாரும் உளர். கதை மக்கள் வாயில் வழங்கியது என்பதற்குத்தான் ஏடு சாட்சி. அதன் மூலம் எது என்பதற்கல்ல.

அடுத்த நாள் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "அப்ப எரிஞ்சதோட அந்தக் குருவிக் கதையும் போயிட்டா சேர்?"

"இல்லை மகள். கிரேக்கம், லத்தீன், சுரியானிப் பிரதிகள் வேறு நாடுகளில் தப்பிக் கிடந்தன. போனது மலபார்க்காரர் வைத்திருந்த ஏடுகள்."