மருந்து அசலா, போலியா? பேசும் லேபிள்களை அறிவோம்



சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அந்த மாத்திரை அசல்தானா என்பதை அட்டையின் பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் புழங்கும் மருந்துகளில் சுமார் பத்தில் ஒன்று போலியாகவோ தரம் குறைந்ததாகவோ இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. ஆகவே, அசலைக் காட்டும் அடையாளங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, நம் கைக்கு ஏற்கனவே வந்துவிட்ட கியூஆர் கோடு. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளரின் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவை தெரியும். ஆனால் இது வெறும் அச்சுதான். ஒரு நல்ல பெட்டியிலிருந்து நகலெடுத்து ஆயிரம் போலிப் பெட்டிகளில் அச்சிட்டாலும், எல்லாம் அதே விவரத்தையே காட்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் அச்சிடப்பட்ட என்எப்சி டேக். மெஷின் மேல் காட்டிப் பணம் செலுத்தும் ஏடிஎம் கார்டில் உள்ள அதே முறை இது. பேட்டரி கிடையாது. கைபேசியைச் சில சென்டிமீட்டர் அருகே கொண்டு சென்றால், அதன் அலையிலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். மின்சுற்றை மெல்லிய தகட்டில் அச்சிடுவதால் விலையைக் குறைக்கலாம்.

நார்வேயின் தின்பிலிம் நிறுவனம் செய்த டேக்கில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அதைப் பிறகு மாற்றி எழுத முடியாது. மூடியின் குறுக்கே ஓடும் கம்பி போன்ற கோடு, திறக்கும்போது அறுந்துவிடும். அதன்பின் ‘திறக்கப்பட்டது’ என்று டேக் சொல்லும். 2015இல் இதை ஒரு விஸ்கி பாட்டிலில் பொருத்திக் காட்டினார்கள். அந்தப் பொருள் நமக்கு ஆகாது. ஆனால் முறை மருந்துக்கும் பொருந்தும்.

டேக்கையே உரித்து வேறு பெட்டியில் ஒட்டிவிட்டால்? இதற்கு அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2024இல் ஒரு வழி காட்டினார்கள். ஒட்டும் பசையில் நுண்ணிய உலோகத் துகள்களைக் கலந்தார்கள். துகள்கள் சிதறிக் கிடக்கும் விதம் கைரேகை போல ஒவ்வொன்றிலும் வேறுபடும். உரித்து ஒட்டினால் அந்த ரேகை கலைந்து, குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை எதுவும் உள்ளே இருக்கும் மாத்திரையைச் சோதிப்பதில்லை. லேபிளுக்கும் மூடிக்கும் மட்டுமே சாட்சி சொல்கின்றன. எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. உரிமம் பெற்ற கடையில் மட்டும், ரசீதுடன் வாங்குங்கள்.

2. பெட்டி, மாத்திரை அட்டை, ரசீது, ஸ்கேன் விவரம் எல்லாவற்றிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களுக்குச் செய்து கொடுக்கலாம்.

3. மருந்து தீரும்வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

4. சந்தேகம் வந்தால் அந்த அட்டையைத் தனியே வைத்து, அன்றே மருத்துவரைக் கேட்டு மாற்று மருந்து வாங்குங்கள். நீங்களாகச் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். மருந்து ஆய்வாளருக்கும் தெரிவியுங்கள்.

நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு ரசீது கேட்பதை அலைக்கழிப்பாக எண்ண வேண்டாம். கோளாறு நேர்ந்தால், அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அந்தத் துண்டுக் காகிதம்தான் உதவும்.



செயலாளர்