போர்வை இல்லாத கிருமி

அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்தபடி மாடு மேய்க்கிறவங்களே, ஒரு கேள்வி! நோயைத் தடுக்க, அந்த நோய்க் கிருமியையே உயிரோட ஊசியில போடலாமா?

போடலாம். அடைப்பான் நோய்க்கு, அதாங்க ஆந்த்ராக்ஸுக்கு, அப்படித்தான் போடறாங்க. உடம்போட காவலுக்குச் சிக்காம இருக்க, இந்தக் கிருமி வழவழன்னு ஓர் உறையைப் போர்த்திக்கிட்டு வரும். 1930களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர், அந்தப் போர்வையே இல்லாத கிருமியைப் பிரிச்செடுத்தார். அதைத்தான் ஊசியில போடறாங்க. முகமூடி கழன்ற திருடன் மாதிரி! மாட்டோட உடம்பு சட்டுனு பிடிச்சிடும், அடையாளமும் வச்சுக்கும்.

அடைப்பான் தடுப்பூசி நம்ம ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகுது. மாடு திடீர்னு செத்து, மூக்குல ரத்தம் வடிஞ்சா, அது அடைப்பானா இருக்கலாம்; அறுக்காதீங்க. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.