ஒன்றரை கிலோமீட்டருக்கு ஓர் அணு

"இங்க நகத்தை வெச்சுப் பாருங்க சார், படி தட்டுதுங்களா?" என்றார் மெக்கானிக்.

கோவையில் ஒரு பட்டறை. 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய எங்கள் மாருதி ஆம்னி வேனின் எஞ்சினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை மேசைமேல் வைத்திருந்தார்கள். சிலிண்டருக்குள் விரலை விட்டு மேல்நோக்கி இழுத்தேன். வாய்க்குச் சற்றுக் கீழே நகம் தட்டி நின்றது. கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, நகத்துக்குத்தான் தெரிகிறது. அந்தப் படிக்குக் கீழே தேய்ந்து அகன்றுபோன சுவர்தான் வண்டி நீலப் புகை கக்கியதற்கும், ஏற்றத்தில் திணறியதற்கும், ஆயிலைக் குடித்துத் தீர்த்ததற்கும் காரணம்.

போர் கேஜை விட்டு அளந்தார். புதிதில் 68.5 மி.மீ. இருந்த விட்டம், அதிகம் தேய்ந்த இடத்தில் 68.6 ஆகியிருந்தது. இவ்வளவுதானா என்று முதலில் தோன்றியது. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த 0.1 மி.மீ.யின் மதிப்பு புரிந்தது.

கிலோமீட்டருக்கு எஞ்சின் சுமார் 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் கிலோமீட்டருக்கு 90 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 72 மி.மீ. ஏறி, 72 மி.மீ. இறங்குகிறது. ஆக ஒரு பிஸ்டன் சிலிண்டர் சுவரை ஒட்டியபடி போய்வந்த தூரம் ஏறத்தாழ 1,30,000 கிலோமீட்டர். பூமியை மூன்று முறைக்கு மேல் சுற்றிவிடலாம். அத்தனை தூரத்துக்கும் சுவரின் ஒரு பக்கம் இழந்தது 0.05 மி.மீ. இரும்பு அணுக்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 40 லட்சம் அணுக்கள் அடங்கும். அப்படியானால் தேய்ந்தது 2 லட்சம் அணு அடுக்கு. வண்டி ஒன்றரை கிலோமீட்டர் ஓடினால் ஓர் அடுக்கு!

உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசினால் இவ்வளவு சொற்பமாகத் தேயவே தேயாது. சில நிமிடங்களில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும் நேரத்தின் பெரும்பகுதியில் அவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதுதான் ரகசியம். இது மனிதனுக்குத் தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை.

1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேற்புறம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் ஆயில் உள்ளே போகாமல் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தினால், அச்சின் மேல் சராசரியாக ஏற்றியிருந்த அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் தண்டு ஆயிலைக் குறுகலான இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே சேரும் அழுத்தம் தண்டையே தூக்கி மிதக்கவிடுகிறது என்று 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதமாக விளக்கினார். மழைநாளில் வேகமாகப் போகும் டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர்மேல் ஏறி வழுக்குமே, அதே சங்கதி. ரோட்டில் அது விபத்து. எஞ்சினுக்குள் அதுதான் உயிர்.

மிதப்பதற்கு அசைவு வேண்டும். பிஸ்டனோ உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்த ஒரு கணத்தில் நின்றுவிடுகிறது. ஆயில் படலம் மெலிகிறது. பெட்ரோல் எரியும் வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். அதனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளில் மேல் ரிங் திரும்பும் இடம் முதலில் தேய்கிறது. அதற்கும் மேலே, ரிங் எட்டாத சிறு விளிம்பு அப்படியே மிஞ்சுகிறது. என் நகத்தில் தட்டியது அந்த விளிம்பு.

இனி லேத் பட்டறை வேலை. போர் போடக் கொடுக்கும்போது புது பிஸ்டனையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பிஸ்டனை அளந்த பிறகுதான் அதற்கேற்ப சிலிண்டரைக் குடைவார்கள். பார்வைக்கு உருண்டையாக இருக்கும் பிஸ்டன் உண்மையில் லேசான நீள்வட்டம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட இரு மடங்கு விரியும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரியாது. அதனால் சூடானபின் சரியான உருவம் வரட்டும் என்று குளிரில் கோணலாகவே செய்கிறார்கள். எங்களுக்கு 0.50 ஓவர்சைஸ் போட்டார்கள். விட்டம் 69 மி.மீ. ஆனதில் 796 சிசி எஞ்சின் 808 சிசிக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது.

குடைந்த சுவரைக் கடைசியில் கண்ணாடிபோல மெருகேற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. பழைய சிலிண்டர்தான் கண்ணாடிபோல மின்னியது. அந்த மினுக்கில் ஆயில் ஒட்டாது. ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து, சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களைப் போட்டார்கள். பாய் முடைந்ததுபோல் சின்னச் சின்ன சாய்சதுரங்கள். ஒவ்வொரு கீறலும் ஆயில் தங்கும் ஒரு வாய்க்கால். பிறகு சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். பெட்ரோல் மட்டும் விட்டால் கீறலுக்குள் சிக்கிய கல்தூள் வராதாம். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பிவரும்வரை விடவில்லை. அந்தப் பொறுமைக்குத்தான் நான் கூலி கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

புது ரிங் போட்ட வண்டியை நாள்கணக்கில் ஐடிலில் ஓடவிட வேண்டும் என்பார்கள். அது தவறு. ரிங்கின் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். எரிந்த வாயு அதன் முதுகுப்பக்கம் புகுந்து தள்ளுவதால்தான் அது சுவரோடு நெருங்கிப் பொருந்துகிறது. சுமை இல்லாமல் ஓடினால் தள்ளும் அழுத்தமும் இருக்காது. விரட்டாமல், அதே சமயம் மிதமான சுமையோடு ரோட்டில் ஓட்டுவதுதான் முறை.

மாட்டி முடித்ததும் சாவியைத் திருப்பக் கை பரபரத்தது. மெக்கானிக் தடுத்து, காயில் வயரைக் கழற்றிவிட்டார். நெருப்பு வராமல் எஞ்சினை வெறுமனே சுற்றவிட வேண்டும். கிராங்க் பேரிங்கின் இடைவெளி தலைமுடியின் பருமனைவிடக் குறைவு, அதற்குள் ஆயில் போய்ச் சேர வேண்டும். ஸ்டார்ட்டர் முனகியது. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் சுற்றினார். மூன்றாவது முறை விளக்கு அணைந்தது.

"இப்ப வயரை மாட்டலாங்க" என்றார்.