பலகை ரம்பத்தைக் கவ்வும்போது

புனேயின் விளிம்பில், முட்டா ஆற்று அணையின் நீர்ப்பரப்பை ஒட்டியிருக்கிறது கடக்வாஸ்லா. ஏப்ரல் பிற்பகலில் இந்த வட்டாரத்துக் காற்று வறண்டு கிடக்கும். ஜூலை மழையில் ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டும். இங்கே வீட்டில் தச்சுப் பட்டறை போட நினைப்பவர், மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்க்கும் முன் மரத்துக்குள் இருக்கும் ஈரத்தைப் பார்க்க வேண்டும்.

அறுத்துப் பலகையான பின்னும் மரம் ஓய்வதில்லை. ஈரத்தை வாங்கினால் உப்பும், விட்டால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம், எல்லாம் அகலத்திலும் தடிமனிலும்தான். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. தேக்கு குறைவாக அசையும், அவ்வளவுதான். பலகையின் மேற்புறம் முந்திக் காய்ந்து உட்புறம் பிந்திக் காய்ந்தால், ஒன்றையொன்று இழுக்கும் விசை உள்ளேயே தேங்கிவிடும். நீளவாக்கில் அறுக்கும்போது அந்த விசை விடுபட, அறுத்த பிளவு சில நேரம் தானாக மூடிக்கொள்ளும்.

மேசையில் பொருத்திய வட்ட ரம்பத்தில் இதுதான் ஆபத்து. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் பல்முனையின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். முன்பக்கப் பற்கள் கீழே இறங்கிப் பலகையை மேசையில் அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேலே ஏறுகின்றன. பிளவு மூடிப் பின்பற்களைக் கவ்வினால், அவை பலகையைத் தூக்கி நிற்பவர் மீதே எறியும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு பிளவை விரித்தே வைத்திருக்கும். அது இல்லாத மேசை ரம்பத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பிளேடு நீண்ட பட்டையாகச் சுழலும் பேண்ட் சாவில் பற்கள் எப்போதும் கீழ்நோக்கியே ஓடுகின்றன. பலகை கவ்வினால் பட்டை திணறி நிற்கும். ஆள் மீது எறியாது. வட்ட ரம்பம் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும் இடத்தில், மெல்லிய பட்டைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குள் போதும். தேக்கு விற்கும் விலைக்கு அது சிறிய மிச்சமில்லை. வெட்டு சொரசொரப்பாக இருக்கும், இழைத்துக்கொள்ளலாம். தனியாக வேலை செய்பவருக்கு முதல் இயந்திரமாக இதைத்தான் சொல்வேன்.

இழைப்பும் அறுப்பும் ஒரே சட்டத்தில் அமைந்த கூட்டு இயந்திரம் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சிலவற்றில் இழைப்பு உருளையின் தண்டு நுனியிலேயே ரம்பத்தையும் மாட்டியிருப்பார்கள். பலகையை இழைக்கும் நேரமெல்லாம், தேவையே இல்லாத பிளேடும் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டதை வாங்கினால், இழைக்கும் நாளில் பிளேடைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

எந்த இயந்திரமானாலும், ஜூலையில் வாங்கிய பலகையை உடனே அறுக்க வேண்டாம். இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கி, பட்டறைக் காற்றுக்குப் பழகச் சில வாரங்கள் விடுங்கள்.