வீட்டுக்கு வந்து கேட்கும் கேள்விகள்

“எங்க தெருவுல ஒரு வீட்டுலகூட வந்து கேட்டதில்லை. அப்புறம் எப்படிப் பெண்கள்ல இத்தனை சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சுக்கிட்டாங்கன்னு பேப்பர்ல போடுறாங்க?” இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

நாளிதழில் வரும் அந்த எண்களில் பெரும்பாலானவை தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. முதல் சுற்று 1992-93இல் நடந்தது. ஐந்தாவது சுற்று 2019இல் தொடங்கி, கொரோனாவால் இடையில் நின்று, 2021இல் முடிந்தது. அந்தச் சுற்றில் 6,36,699 வீடுகளுக்குப் போனார்கள். 15 முதல் 49 வயதுவரையிலான 7,24,115 பெண்களிடம் பேசினார்கள். பெரிய எண்தான். ஆனால் நாட்டில் உள்ள வீடுகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய பங்கு. அதனால்தான் உங்கள் தெருவுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

வந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். முதலில் குலுக்கல் முறையில் ஓர் ஊரையோ நகரத்தின் ஒரு பகுதியையோ தேர்ந்தெடுப்பார்கள். அங்கே உள்ள வீடுகளை எல்லாம் வரைபடமாக்கிப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலிலிருந்து 22 வீடுகளைச் சீரான இடைவெளியில் எடுப்பார்கள். கணக்கெடுக்க வந்தவர் தனக்குப் பிடித்த வீட்டுக்குப் போக முடியாது. கதவு பூட்டியிருந்தால் திரும்பத் திரும்ப அதே கதவுக்குத்தான் வர வேண்டும், பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார் என்று அங்கே நுழைந்துவிடக் கூடாது. உங்கள் கையில் உள்ள டீயையே பாருங்கள். நன்றாக ஆற்றியிருந்தால் ஒரே வாயில் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆற்றாத டீயில் பாதி டம்ளர் குடித்தாலும் தெரியாது. குலுக்கல் என்பது டீயை ஆற்றுவது. எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

சரி, ஐந்தாவது சுற்றில் கேட்டதில் என்ன தெரிந்தது? நாட்டில் மணமான பெண்களில் 67 சதவீதம் பேர் ஏதோ ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்தினார்கள். பெண்ணுக்கான குடும்பக் கட்டுப்பாடு அறுவை மட்டுமே 38 சதவீதத்தைத் தொட்டது. ஆண்களுக்கான வாசக்டமியோ 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் அறுவை ஏறத்தாழ 58 சதவீதம். இங்கே கருத்தடை செய்துகொள்ளும் தம்பதிகளில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் கத்தி பட்டது மனைவியின் உடலில்தான் என்று பொருள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இருபத்தைந்து வயதில் அறுவை செய்துகொண்ட ஒருவர், ஐம்பதைத் தொடும்வரை ஒவ்வொரு சுற்றிலும் ‘கருத்தடை பயன்படுத்துபவர்’ என்றே எண்ணப்படுவார். மாத்திரை சாப்பிடுபவர் அடுத்த மாதமே நிறுத்தலாம், காப்பர்-டி வைத்தவர் எடுத்துவிடலாம். அறுவைக்கு அப்படியொரு வெளிவழி இல்லை. ஆகவே அந்த 58 ஒரே ஆண்டில் பெண்கள் எடுத்த முடிவு அல்ல, கால் நூற்றாண்டு முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. செய்திகளில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

ஆண்கள் பக்கம் ஏன் இப்படிக் காலியாக இருக்கிறது? எப்போதும் இப்படி இருந்ததில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு, வற்புறுத்தியும் மிரட்டியும் செய்தவை. 1977 தேர்தலில் வட இந்தியா அதற்குப் பதில் சொன்னது. அதன்பிறகு எந்த அரசும் ஆண்களைப் பெரிய அளவில் நெருங்கத் துணியவில்லை, திட்டம் பெரும்பாலும் பெண்கள் பக்கம் திரும்பியது. வாசக்டமி எளியது, ஆபத்து குறைந்தது, ஊக்கத்தொகையும் பெண்களுக்குத் தருவதைவிட அதிகம். ஆனால் ஐந்தாவது சுற்றில், கருத்தடை பெண்கள் விவகாரம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொண்ட ஆண்கள் 35 சதவீதம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். ஒரு பெண் ஒரு முறையைப் பயன்படுத்துகிறார் என்பதும், அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் ஒன்றல்ல. இதைக் கண்டறியக் கணக்கெடுப்பில் சில கேள்விகள் இருக்கின்றன. பக்கவிளைவு பற்றி யாராவது சொன்னார்களா? அப்படி வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? இதைத் தவிர வேறு முறைகளும் உண்டு என்று சொன்னார்களா? பக்கவிளைவு பற்றிச் சொல்லப்பட்டவர்கள் நான்காம் சுற்றில் பாதிக்கும் குறைவு. ஐந்தாம் சுற்றில் 62 சதவீதம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. மீதிப் பெண்களை நினைத்துப் பாருங்கள். பிரசவ வார்டில், கைக்குழந்தையோடு படுத்திருக்கும்போது, “ரெண்டு போதும்ல, அப்படியே ஆபரேஷனையும் முடிச்சிரலாமா?” என்று கேட்கிறார்கள். மாமியார் தலையாட்டுகிறார், கணவர் கையெழுத்துப் போடுகிறார். படிவத்தில் அது ‘சம்மதம்’.

கணக்கெடுப்பில் வராமல் போவதும் உண்டு. கருக்கலைப்பு அதில் முதலாவது. 1971இல் வந்த சட்டப்படி நம் நாட்டில் அதற்கு அனுமதி இருக்கிறது, 2021இல் சட்டம் இன்னும் விரிந்தது. என்றாலும் வாசலில் வந்து நிற்கும் அறிமுகமில்லாதவரிடம் அதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அதனால் ஓர் ஆய்வுக் குழு வேறு வழியில் போனது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் மருத்துவமனைகளைக் கணக்கெடுத்தார்கள், கருக்கலைப்பு மாத்திரைகள் நாடெங்கும் எவ்வளவு விற்றன என்பதைத் தேடினார்கள். பெண்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2015இல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்பது 2018இல் வெளியான அவர்களின் மதிப்பீடு. அவற்றில் முக்கால்வாசி மருத்துவமனை வாசலையே மிதிக்காமல், மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நடந்தவை. பெண்கள் நேரில் சொல்லும் கணக்கு இதற்கு அருகில்கூட வருவதில்லை. பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்போம். பக்கவிளைவு, அது வந்தால் செய்ய வேண்டியது, வேறு முறைகள் என்ற மூன்றையும் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? கிராம சுகாதார செவிலியர். பல மாநிலங்களில் அவரோடு ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரும். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்பது விதி. கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வேண்டும், பிக்மி எனும் கர்ப்பப் பதிவு எண் வாங்கித்தர வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு விவரம் ஏற்ற வேண்டும், எல்லாவற்றையும் பதிவேட்டில் ஒருமுறையும் கணினியில் ஒருமுறையும் எழுத வேண்டும். ஆஷாக்களின் நிலை இன்னும் கடினம். நாடு முழுக்க சுமார் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள், 2022இல் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு விருது கொடுத்தது. அரசுக் கோப்பில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், தன்னார்வலர்கள். பெரும்பாலும் செய்த வேலைக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. ஒரு பெண்ணை அறுவைக்கு அழைத்துவந்தால் பணம் உண்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து எல்லா முறைகளையும் விளக்கி, “யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்று திரும்பினால் ஒன்றும் இல்லை.

1996இல் மத்திய அரசு கருத்தடை இலக்குகளைக் கைவிட்டது. ஆனால் ‘எதிர்பார்க்கப்படும் அளவு’ என்ற பெயரில் எண்கள் திரும்பி வந்தன, கீழே இருப்பவர்களுக்கு அது டார்கெட்தான். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு முகாமில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். ஒரு நாளில் முப்பதுக்கு மேல் கூடாது என்பது விதி. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், இலக்கு நிர்ணயிக்கக் கூடாது, மூன்று ஆண்டுகளுக்குள் முகாம்களை நிறுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவசரப்படுத்தப்பட்ட கையின் கீழே படுத்திருந்தவர்கள் பெண்கள். அந்தக் கையை அவசரப்படுத்தியது யார் என்ற கேள்வியும் அதே அளவு முக்கியம்.

மருத்துவப் பணியாளர்களின் மனநிலையை அளக்கவும் கருவிகள் இருக்கின்றன. 1981இல் அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட பட்டியல் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அது மூன்றைத் தேடுகிறது: உள்ளுக்குள் வற்றிப்போன களைப்பு, எதிரே இருப்பவரை மனிதராக உணராமல் ஒரு கேஸாகப் பார்க்கும் நிலை, தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். நடுவில் உள்ளதைக் கவனியுங்கள். அந்த நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு செவிலியரால் பக்கவிளைவைப் பொறுமையாக விளக்க முடியுமா? அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அவரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. உலக சுகாதார அமைப்பும் 2019இல் இந்தப் பணிச்சோர்வை (பர்ன்அவுட்) நோய் என்று சொல்லாமல், வேலையிடம் உண்டாக்கும் நிலை என்றே வரையறுத்தது. யோகா வகுப்பு வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பது என் திடமான கருத்து.

2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஒன்று மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி அறிக்கை வெளியிட்டது. இணையவழியில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் 7,035 ஆசிரியர்களும் பதில் தந்தார்கள். முதுநிலை மாணவர்களில் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். பலர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். இப்போது நீங்களே கேட்பீர்கள்: இது ஆற்றிய டீயா? இல்லை. விருப்பப்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். மனம் நொந்தவர்கள் கூடுதலாக எழுதியிருக்கலாம், மிகவும் நொந்தவர்களுக்கு எழுதவே தெம்பு இல்லாமல் போயிருக்கலாம். எல்லா முதுநிலை மாணவர்களுக்கும் அந்த 31ஐப் பொருத்திச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் மருத்துவர்கள் இதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது சதவீதத்துக்கு அப்பாற்பட்ட உண்மை. அவர்களுக்கு உதவி போய்ச் சேர, இன்னொரு கணக்கெடுப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த ஆய்வு கேட்டது மருத்துவக் கல்லூரிக்குள் இருப்பவர்களை. வெயிலில் வீடு வீடாக நடக்கும் ஆஷாவையும் கிராம சுகாதார செவிலியரையும் அது கேட்கவில்லை. குடும்பநலக் கணக்கெடுப்போ பெண்ணைக் கேட்கிறது, அவருக்கு விளக்க வேண்டியவரைக் கேட்பதில்லை. இரண்டும் தனித்தனி அறைகளில் நடக்கின்றன. என்னைக் கேட்டால், ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டில், பெண்களையும் அவர்களுக்குச் சேவை தரும் பணியாளர்களையும் குலுக்கல் முறையில் சேர்த்துக் கேட்க வேண்டும். எந்தத் துணை நிலையத்தில் செவிலியர் இடம் காலியாக இருக்கிறதோ, எங்கே ஒருவர் இரண்டு பேர் வேலையைச் செய்கிறாரோ, அங்கே பக்கவிளைவு சொல்லப்படாத பெண்களும் அதிகமா என்று அப்போது தெரியும்.

அதுவரை நம் வீட்டளவில் செய்யக் கூடியவை சில உண்டு. கணக்கெடுப்பவர் உங்கள் கதவைத் தட்டினால், அந்த வீட்டுப் பெண்ணோடு அவர் தனியாகப் பேச இடம் கொடுங்கள். மாமியாரும் கணவரும் அரைமணி நேரம் வெளியே இருக்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். பிரசவத்துக்கோ கருத்தடைக்கோ போகும்போது, பக்கவிளைவு என்ன, வந்தால் என்ன செய்வது, வேறு வழி என்ன என்ற மூன்றையும் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நர்சம்மா பதில் சொல்ல நேரமில்லாமல் திணறினால் அவர்மேல் கோபப்படாதீர்கள். அந்த ஊருக்கு இன்னொரு செவிலியர் வேண்டும் என்று கிராம சபையில் எழுதிக் கொடுங்கள்.