கொழுப்பு அல்ல, பயம்

குழந்தைகளின் மனத்துயரத்தை நோய் என்று பல வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. பெங்களூர் ஈஜிபுராவில் உள்ள ஒரு சிறிய கிளினிக்கில், பிரச்சினைக்குச் சரியான பெயர் வைப்பதிலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஈஜிபுராவின் குறுக்குச் சந்து ஒன்றில், தையல் கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகளுக்கு முன்னால் படிக்கட்டு முழுவதும் செருப்புகள். வாசலில் கன்னடப் பலகை: 'மக்கள ஆரோக்ய கேந்த்ர'. கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள். பழந்தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. பலகையில் 'மனம்' என்ற சொல் மட்டும் இல்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தப் படிக்கட்டில் இத்தனை செருப்புகள் இருந்திருக்காது.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஒரு மனநல மருத்துவரும் இரண்டு ஆலோசகர்களும் இங்கே வருகிறார்கள். வருகிற குழந்தைகள் எல்லோரும் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் என்பதால் கிளினிக்கின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நான் போனது செய்தி சேகரிக்க அல்ல. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், கோரமங்களாவில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர், முதல் நாள் இரவு கதவைத் தட்டினார். "அக்கா, டாக்டரம்மா கன்னடமும் இங்கிலீஷும்தான் பேசுவாங்களாம். எனக்குக் கடையில சாமான் வாங்குற அளவுக்குத்தான் கன்னடம் வரும். கொஞ்சம் கூட வந்து எடுத்துச் சொல்லுங்களேன்." மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. மறுக்க முடியவில்லை. அடையாளம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையுடன் பிறகு எழுதவும் சம்மதித்தார்.

பிரச்சினை அவருடைய ஒன்பது வயது மகன். இரண்டு வருடமாக நின்றிருந்த பழக்கம், ஐந்து மாதங்களுக்கு முன்பு மறுபடி தொடங்கிவிட்டது. தினமும் படுக்கையில் சிறுநீர். விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமைதோறும் மெழுகுவத்தி ஏற்றினார். தர்காவில் கயிறு கட்டினார். நடுவில் அடியும் விழுந்தது. கடைசியில் அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் இங்கே வந்திருக்கிறார்.

மருத்துவர் முதலில் தாயிடம் கேட்கிறார். "வேணும்னே பண்றான் டாக்டரம்மா. எல்லாம் கொழுப்பு" என்கிறார் தாய். அதை மொழிபெயர்ப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. கன்னடத்தில் 'கொப்பு' என்றாலும் அதே கொழுப்பு, அதே திமிர். இரண்டு மொழிகளும் குழந்தைகளைத் திட்டுவதில் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன.

அடுத்த கேள்வி பையனுக்கு. ராத்திரி படுக்கப் போகும் முன் கழிப்பறைக்குப் போவாயா? அவன் பதில் சொல்லவில்லை. ஆலோசகர் ஒரு தாளையும் கலர் பென்சிலையும் கொடுத்து, வீட்டை வரையச் சொல்கிறார். பையன் மாடியில் ஓர் அறையை வரைகிறான். கீழே, தாளின் மறுமூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் அருகே ஒரு நாய். "இது என்ன?" என்று தமிழில் கேட்கிறேன். "கக்கூஸ். லைட் இல்ல. நாய் இருக்கும். அதனால போக மாட்டேன், அடக்கிட்டுத் தூங்கிருவேன்."

ஐந்து மாதங்களுக்கு முன்பு என்ன நடந்தது என்று கேட்கிறார் மருத்துவர். வாடகை ஏறியதால் வீடு மாறியிருக்கிறார்கள். அதே மாதம் தந்தை வேலைக்காக வெளியூர் போய்விட்டார். தாய் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று நிறுத்துகிறார். "இவன் பயந்துக்கிட்டு இருந்தான்னு எனக்குத் தோணவே இல்லையேக்கா" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மருத்துவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தத் தாய் ஒரு விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பெங்களூரின் நடுத்தர வர்க்கப் பகுதிகளிலும் சேரிகளிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 16 வயது வரையிலான 2,064 குழந்தைகளை ஆராய்ந்து, முடிவுகளை 2005-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 12.5 குழந்தைகளுக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருந்தது. சேரிக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் கிராமத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அதிகம் காணப்பட்டவற்றில் படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் ஒன்று. அச்சம், மிகைச் சுறுசுறுப்பு, திக்குவாய் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. இவற்றைவிட முக்கியமான எண் வேறு: தங்கள் குழந்தைக்குப் பிரச்சினை இருப்பதாக உணர்ந்த குடும்பங்கள் 37.5 சதவிகிதம் மட்டுமே.

மற்ற வீடுகளில் அதற்குப் பிடிவாதம், சோம்பல், திமிர், கண்திருஷ்டி என்று வேறு பெயர்கள். பிரச்சினையே இல்லை என்று நினைப்பவர் மருத்துவமனையைத் தேடிப் போக மாட்டார். எனவே மருத்துவம்தான் தெருவுக்கு வர வேண்டும்.

இந்த எண்ணம் பெங்களூருக்குப் புதிதல்ல. ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஓசூர் சாலையில் இருக்கிறது நிம்ஹான்ஸ். பழைய மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-ல் இணைந்து உருவான அமைப்பு அது. மறு ஆண்டே அங்கு சமூக மனநலப் பிரிவு தொடங்கியது. எண்பதுகளில் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்த பரிசோதனைதான், 1996-ல் மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முன்மாதிரி ஆனது. குழந்தைகளுக்கென்று தனியாக, 2014-ல் கர்நாடக அரசின் ஆதரவுடன் நிம்ஹான்ஸ் ஒரு சமூகத் திட்டத்தைத் தொடங்கி, அங்கன்வாடி, அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், குழந்தைகள் இல்லம் ஆகியவற்றுக்குச் சேவையைக் கொண்டுசென்றது. அங்கன்வாடி டீச்சர் ஒருவர் ஒரு தாயை மாடிப்படி ஏற வைக்க முடிகிறது என்றால், அந்தத் திட்டம் நம்பியதும் இத்தகைய மனிதர்களைத்தான்.

ஈஜிபுராவுக்கு இது கூடுதலாகவே தேவை. 2013 ஜனவரியில், இங்கிருந்த நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு இடிக்கப்பட்டபோது சுமார் 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. அவர்களில் தமிழ் பேசுபவர்களும் ஏராளம். சிலர் மாதக்கணக்கில் வேலிக்கு வெளியே நடைபாதையில் தார்ப்பாய்க்குக் கீழே வசித்தார்கள். பல பிள்ளைகளின் படிப்பு நின்றது. வீடு மாறுவது பெரியவர்களுக்கு வாடகைக் கணக்கு. குழந்தைக்கு அது தெரிந்த கழிப்பறையும் தெரிந்த நாயும் தெரிந்த இருட்டும் ஒரே நாளில் காணாமல் போவது.

மொழி இன்னொரு சுவர். வீட்டில் தமிழ், விளையாட்டில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளரும் குழந்தை, பயத்தை எந்த மொழியில் சொல்லும்? நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். குழந்தைகளுக்கான மனநலச் சேவையை அரசு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. ஆனால் தாளில் வரைந்த கறுப்புப் பெட்டியைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. அதற்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் மாத்திரை இல்லை. தொற்றோ சர்க்கரையோ இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை. மலச்சிக்கல் உண்டா என்று கவனிக்க வேண்டும். மாலைக்கு மேல் தேநீர் கூடாது. படுக்கும் முன் தாய் கூடவே போய் வர வேண்டும். முடியாத நாளில் அறை மூலையில் ஒரு வாளி. நனையாத நாளுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம், நனைந்த நாளுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது. முக்கியமாக, அடிக்கவே கூடாது. "இவ்வளவுதானா?" என்று தாய் கேட்டார். "சிலருக்கு மருந்தும் தேவைப்படும். முதலில் இதைச் செய்து பார்ப்போம்" என்றார் மருத்துவர்.

மூன்று வாரம் கழித்து அந்தக் காலண்டரைப் பார்த்தேன். இருபத்தொரு நாட்களில் ஒன்பது நட்சத்திரங்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நட்சத்திரம் இல்லாத நாட்கள்தான் அதிகம். கழிப்பறைக்கு விளக்கு போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் மூன்று முறை கேட்டாகிவிட்டது, இன்னும் போடவில்லை. தாய் ஒரு டார்ச் வாங்கியிருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு எங்கள் சன்னல் வழியாகப் பார்த்தால், அந்த வெளிச்சம் படியிறங்கிப் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவன் பையன்.