வரைபடத்தைத் திறந்து வைத்திருப்பவர் யார்?

கல்முனை மாநகர சபை எல்லைக்குட்பட்ட மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் சில பேர்ச் காணியில் வீடு கட்டுவோரும் சபையின் அனுமதிக்கு வரைபடம் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், அவற்றை வரைந்து கொடுக்கும் அலுவலகங்களில் ஒரே கோப்பை இருவர் கையாளும் தேவை எழுவது இயல்பு. ஒருவர் மாடிப்படியைத் திருத்திக்கொண்டிருக்கையில் மற்றவர் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தை மாற்றிச் சேமித்துவிட, மாடிப்படியைத் திருத்தியவர் பிறகு தம் பிரதியைச் சேமித்தால், கிணறு பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இதைத் தடுக்கும் ஏற்பாடே கோப்புப் பூட்டு. 1982 இல் வெளிவந்து கட்டட வரைபடத் துறையில் வேரூன்றிவிட்ட ஓட்டோகேட் மென்பொருள், பொதுக் கணினியிலுள்ள வரைபடம் திறக்கப்பட்டவுடன், அதே கோப்புறையில் டீ.டபிள்யூ.எல்., டீ.டபிள்யூ.எல்.2 என முடியும் இரு சிறு கோப்புகளை உருவாக்கி, திறந்தவரின் பெயரையும் அவரது கணினியின் பெயரையும் நேரத்தையும் பதிந்துகொள்கிறது. அடுத்து வருபவர் வரைபடத்தைப் பார்க்கலாம், வேறு பெயரில் சேமிக்கலாம். மூலக்கோப்பில் கைவைக்க முடியாது. பூட்டியவர் யாரென்பதை 'ஹூஹேஸ்' என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும்.

பேருந்து ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு இடம்பிடிப்பதைப் போன்ற இம்முறையில், போட்டவர் வராமலே போனாலும் கைக்குட்டை கிடக்கும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது நேர்ந்ததைப் போல மின்சாரம் சட்டென்று நின்றால், மென்பொருள் முறையாக மூடப்படாமல் அச்சிறு கோப்புகள் எஞ்சிவிடக்கூடும். யாரும் வேலை செய்யவில்லை என உறுதிசெய்த பின்னரே அவற்றை அழிக்கலாம். அவசரத்தில் விசாரிக்காமலே அவற்றை அழித்துவிட நேரலாம் என்பதுதான் சங்கடம். ட்ரொப்பொக்ஸ் போன்ற இணையச் சேமிப்புகளோ ஒவ்வொரு கணினியிலும் தனிப் பிரதியை வைப்பதால், பூட்டு அடுத்தவரை உரிய நேரத்தில் எட்டாமல், முரண்பட்ட இரு பிரதிகள் உருவாக இடமுண்டு.

பூட்டை நீக்குவதைவிட வேலையைப் பிரிப்பதே பயனுள்ள வழி. சுவர்களை ஒரு கோப்பிலும் நீர்க்குழாய்களை இன்னொரு கோப்பிலும் வரைந்து, ஒன்றை மற்றொன்றில் 'எக்ஸ்றெஃப்' எனும் வெளி இணைப்பாகச் சேர்த்தால், இருவரும் ஒரே நேரத்தில் வரையலாம். றெவிட் மென்பொருள் இன்னும் நுணுக்கமானது: மைய மாதிரியிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கொரு பிரதி எடுத்து வேலை செய்ய, பூட்டு முழுக் கோப்பின் மீதன்றி ஒரு சுவரின் மீதோ கதவின் மீதோ மட்டும் விழுகிறது. அதே கதவை இன்னொருவர் மாற்ற முனைந்தால், விட்டுத்தரும்படி அதை வைத்திருப்பவருக்குக் கோரிக்கை அனுப்பலாம்.